கன்சாஸ் 1854–1861: வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன், அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று கன்சாஸில் மூண்ட கலவரத்தைப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள், அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனைத் தேடிக்கொண்டுதான் வருகிறார்கள். இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்து வருகிற எங்களுடைய முதல் யோசனை, அவரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதுதான். அதற்குப் பதிலாக 1855-ஆம் ஆண்டின் இரண்டு கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு: மொத்தம் 8,601 பேர், அதில் வாக்களிக்கத் தகுதியுள்ள ஆண்கள் 2,905. மற்றொன்று மார்ச் 30 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலின் கணக்கு: பதிவான வாக்குகள் 6,300-க்கு மேல். கன்சாஸில் பின்னால் நடந்த எதைப் படித்தாலும் இந்த இரண்டு எண்களுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1820-இல் வடக்கும் தெற்கும் செய்துகொண்ட சமரசத்தின்படி, 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே உள்ள மேற்கு நிலங்களில் அடிமை முறை கிடையாது. மிசௌரி மாநிலம் மட்டும் விதிவிலக்கு. 1854-இல் இலினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே வாக்குப் போட்டுத் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றது. மே 30 அன்று ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸ் கையெழுத்திட்டார்.

சட்டத்தில் இருந்த ஓட்டையை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 21 வயதுக்கு மேற்பட்ட, சுதந்திரமான, வெள்ளையின ஆண், அங்கே உண்மையில் குடியிருப்பவனாக இருந்தால் வாக்களிக்கலாம் என்று எழுதினார்கள். எத்தனை நாள் குடியிருந்திருக்க வேண்டும் என்று எழுதவில்லை. கன்சாஸின் கிழக்கு எல்லை முழுக்க மிசௌரி. அங்கே 1850 கணக்குப்படி 87,422 அடிமைகள் இருந்தார்கள். எல்லையை ஒட்டிய பல மாவட்டங்களில் சணலும் புகையிலையும் பயிரிட்டு, அடிமை உழைப்பில் பிழைக்கிற பண்ணைகள். பக்கத்து நிலம் அடிமை முறை இல்லாத மாநிலமாகிவிட்டால், ஓர் இரவு நடையில் தப்பிவிடக்கூடிய தூரத்தில் விடுதலை வந்துவிடும் என்று பண்ணைக்காரர்கள் பயந்தார்கள். வாக்குப் போட வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடக்கூடிய தூரத்தில்தான் அவர்களும் இருந்தார்கள்.

அடுத்தது நிலம். இதை விட்டுவிட்டுப் படிப்பவர்களுக்குப் பாதிச் சம்பவங்கள் புரியாது. சட்டம் நிறைவேறியபோது கன்சாஸில் அரசாங்கம் அளந்து விற்பனைக்குத் திறந்துவிட்ட நிலம் ஏறக்குறைய இல்லை. ஷானீ, டெலவேர் முதலிய பழங்குடியினருக்கு ஏற்கெனவே கிழக்கே பிடுங்கியதற்கு ஈடாகக் கொடுத்த மண் அது. அவசர அவசரமாக ஒப்பந்தம் போட்டு அவர்களை மறுபடியும் ஒதுக்கினார்கள். ஒப்பந்த மை காய்வதற்குள் குடியேறிகள் கம்பு நட்டுவிட்டார்கள். 1841-ஆம் ஆண்டின் முன்னுரிமைச் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கரைப் பிடித்து, குடியிருந்து, திருத்தி, ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அளவைக்கல் இல்லாத இடத்தில் எல்லை எங்கே? யார் முதலில் வந்தது? பதிவு செய்ய நம்பகமான அலுவலகம் இல்லை, தீர்த்துவைக்க இரு தரப்பும் ஏற்கிற நீதிபதியும் இல்லை. ஆகவே சாதாரண வரப்புச் சண்டையும் கட்சிச் சண்டையாகத்தான் முடிந்தது. 1855 நவம்பர் 21 அன்று ஃபிராங்க்ளின் கோல்மன் சார்லஸ் டவ்வைச் சுட்டுக் கொன்றது நிலத் தகராறில். கோல்மன் அடிமை முறை ஆதரவாளர், டவ் எதிர்ப்பாளர். அந்த ஒரு குண்டில் இரண்டே வாரத்துக்குள், அடிமை முறை எதிர்ப்பாளர்களின் ஊரான லாரன்ஸ் நகரத்தைச் சுற்றி ஒரு படையே முகாமிட்டது.

இனி கள்ள ஓட்டுக்கு வருவோம். எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இவ்வளவு நுணுக்கமான சாட்சியம் அந்தக் காலத்தில் வேறெங்கும் கிடைப்பது அரிது. 1856-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அனுப்பிய ஹோவர்ட் குழு நேரில் போய், சத்தியப்பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் வாங்கித் தொகுத்து வைத்திருக்கிறது. குழுவில் மூன்று பேர்: மிச்சிகனின் வில்லியம் ஹோவர்ட், ஒஹையோவின் ஜான் ஷெர்மன், மிசௌரியின் மார்டிகை ஆலிவர். ஆலிவர் மற்ற இருவரோடும் ஒத்துப்போகவில்லை. தனியாக எழுதினார். அவர் பக்கத்தையும் சேர்த்தே படியுங்கள்.

முதல் ஒத்திகை 1854 நவம்பர் 29 அன்று, வாஷிங்டனுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற தேர்தலில் நடந்தது. மொத்தம் 2,833 வாக்குகள். அதில் 1,729 செல்லாதவை என்று குழு கணித்தது. ‘நூற்றுப் பத்து’ என்று அழைக்கப்பட்ட ஒரு சாவடியில் மட்டும் 604 வாக்குகள் விழுந்தன. அதில் சட்டப்படியானவை 20.

மார்ச் 30 தேர்தலுக்கு, ஜனாதிபதி நியமித்த ஆளுநர் ஆண்ட்ரூ ரீடர் கவனமாகத்தான் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு சாவடிக்கும் மூன்று தேர்தல் நடுவர்கள். வெளியூர்க்காரர்களை நிராகரிப்போம் என்று அவர்கள் பிரமாணம் எடுக்க வேண்டும். வேறெங்கும் வீடு இல்லாமல், இங்கேயே தங்குகிற எண்ணத்தோடு குடியிருப்பவரே வாக்காளர் என்று விளக்கமும் கொடுத்தார். காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் அதைக் காப்பாற்ற ஒரு சாவடியிலும் ஒரு காவலர்கூட இல்லை. மூன்று நடுவர்களை விரட்டிவிட்டால் கூட்டமே புது நடுவர்களைத் தேர்ந்துகொள்ளலாம், புது நடுவர்கள் பிரமாணம் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வேலை.

லாரன்ஸில் நடந்ததை அருகில் போய்ப் பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய நாள் மாலையே மிசௌரியிலிருந்து சுமார் ஆயிரம் பேர் வண்டிகளோடும் கூடாரங்களோடும் வந்து ஊருக்கு அருகில் ஓர் ஓடையோரப் பள்ளத்தில் இறங்கினார்கள். துப்பாக்கி, கத்தி, இரண்டு பீரங்கி. அடையாளத்துக்குச் சட்டைப் பித்தான் துளையில் வெள்ளை நாடா. வந்த ஆள் இந்தச் சாவடிக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, மிச்சத்தை அன்றிரவே பக்கத்துச் சாவடிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். காலையில் சாவடி வீட்டின் ஜன்னலைச் சுற்றி நெரிசல் எப்படி இருந்ததென்றால், வாக்குப் போட்டவர்கள் திரும்பி வர வழியில்லாமல் அவர்களைக் கூரைமேல் தூக்கி ஏற்றி மறுபக்கம் இறக்கினார்கள். பிறகு கூட்டத்துக்கு நடுவே ஒரு சந்து விட்டார்கள். கணக்கெடுப்பின்படி அங்கே வாக்காளர்கள் 369. விழுந்த வாக்குகள் 1,034. வெளியூர் வாக்குகள் 802 என்றது குழு. ப்ளூமிங்டன் சாவடியில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ராஜினாமா செய்ய நடுவர்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். மிசௌரியின் வெஸ்ட்போர்ட்டில் தபால் அதிகாரியாக இருந்த அதே ஜோன்ஸ்தான் சில மாதங்களில் லாரன்ஸ் இருக்கும் டக்ளஸ் மாவட்டத்துக்கு ஷெரீஃப் ஆனார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகும் வரும்.

மொத்தத்தில் 4,908 வாக்குகள் கள்ள வாக்குகள் என்று குழு முடிவு செய்தது. அது தெரியவருவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அன்றைக்கு ரீடர் கையில் இருந்தது குறுகிய கெடுவுக்குள் வந்து சேர்ந்த எழுத்துப்பூர்வமான புகார்கள் மட்டும். சாலை இல்லாத நாட்டில், மிரட்டப்பட்ட மக்கள், சில நாட்களுக்குள் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரும்பாலான தொகுதிகளிலிருந்து புகார் வரவேயில்லை. வந்த ஆறு தொகுதிகளுக்கு மே 22 அன்று மறுதேர்தல் வைத்தார். சட்டமன்றம் கூடியதும் மறுதேர்தலில் ஜெயித்தவர்களை வெளியேற்றிவிட்டு மார்ச்சில் ‘ஜெயித்தவர்களை’ உட்காரவைத்தார்கள். ரீடரையும் அந்த ஆகஸ்டுக்குள் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். புகார் செய்யும் கெடுவை மோசடியின் அளவுக்குப் பொருந்தாமல் குறுகலாக வைத்தால், நேர்மையான அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதை ரீடரிடம் பார்க்கிறோம். தேர்தல் விதிகளோடு வேலை செய்கிற யாரும் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும்.

அந்தச் சட்டமன்றம் ஷானீ மிஷனில் கூடி என்ன செய்தது? மிசௌரியின் சட்டப் புத்தகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, அடிமை முறைக்கு மட்டும் அதைவிடக் கடுமையான விதிகளைச் சேர்த்தது. அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டினால் மரண தண்டனை. அடிமைகளை வைத்திருக்கும் உரிமை இங்கே இல்லை என்று பேசினாலோ எழுதினாலோ குறைந்தது இரண்டு ஆண்டு கடுங்காவல். அப்படிப்பட்ட வழக்குகளில் அடிமை முறையை எதிர்ப்பவர் ஜூரியாக உட்கார முடியாது. வாக்கு போனது, பேச்சு போனது, நீதிமன்றமும் போனது. துப்பாக்கி இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது.

வந்த துப்பாக்கி ஷார்ப்ஸ். அன்றைய சாதாரணத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகப் போட்டு இடிக்க வேண்டும், நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுடலாம். ஷார்ப்ஸில் பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகினால் போதும், பழகியவர் எட்டுப் பத்து முறை சுடுவார். படுத்துக்கொண்டே நிரப்பலாம் என்பது இன்னொரு வசதி. 1855 மே மாதம் முதல் நூறு துப்பாக்கிகள் ‘புத்தகங்கள்’ என்று எழுதிய பெட்டிகளில் லாரன்ஸுக்கு வந்தன. அடிமை முறை எதிர்ப்பாளர்கள் கன்சாஸில் குடியேற உதவிய நியூ இங்கிலாந்துக் குடியேற்ற உதவிக் கம்பெனியோடு தொடர்புள்ளவர்கள் ஏற்பாடு செய்தது. டவ் கொலையை ஒட்டி டிசம்பரில் சுமார் 1,500 பேர் லாரன்ஸைச் சூழ்ந்தபோது, இரண்டு பெண்கள் பாவாடைக்குள் வெடிமருந்தை மறைத்து முற்றுகைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த முற்றுகை பெரிய சண்டையில்லாமல் முடிந்ததற்குக் கடுங்குளிரும் ஒரு காரணம், ஆளுநர் வில்சன் ஷானன் இடையில் புகுந்து கையெழுத்து வாங்கியது இன்னொரு காரணம். ஊருக்குள் ஷார்ப்ஸ் இருப்பது வெளியே இருந்தவர்களுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே நேரத்தில் அடிமை முறை எதிர்ப்பாளர்கள் டொபீக்காவில் தனி அரசியலமைப்பு எழுதி, சார்லஸ் ராபின்சனைத் தங்கள் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே மண்ணில் இரண்டு அரசாங்கங்கள். இதை வீரச் செயலாக மட்டும் எழுதுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. 1855 டிசம்பர் 15 வாக்கெடுப்பில் அந்த அரசியலமைப்பு 1,731-க்கு 46 என்று ஜெயித்தது. அதே நாளில், சுதந்திரமான கறுப்பின மக்களையும் கன்சாஸுக்குள் விடக்கூடாது என்ற தனிக் கேள்வியும் 1,287-க்கு 453 என்று ஜெயித்தது. அடிமை முறையை எதிர்த்தவர்களில் பலர் எதிர்த்தது அடிமைகளோடு போட்டியிட்டு உழைக்க வேண்டிய நிலையைத்தான். எதிர்ப்பாளர்கள் எல்லோரையும் ஒரே வரியில் விடுதலை வீரர்களாக எழுதிவிடாதீர்கள்.

1856 மே மாதத்தை நாள்வாரியாகப் படிக்க வேண்டும், வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும். 19, 20 தேதிகளில் வாஷிங்டனில் செனட்டர் சார்லஸ் சம்னர் கன்சாஸ் அநீதி குறித்துப் பேசினார். 21 அன்று சுமார் 800 பேரோடு ஷெரீஃப் ஜோன்ஸ் லாரன்ஸுக்குள் வந்தார். கல்லால் கட்டிய விடுதியைப் பீரங்கியால் அடித்தார்கள், விழவில்லை, கடைசியில் தீ வைத்தார்கள். இரண்டு பத்திரிகை அலுவலகங்களை நொறுக்கி அச்செழுத்துகளை ஆற்றில் கொட்டினார்கள். அந்த நாளில் செத்தது ஒருவர், இடிந்து விழுந்த கட்டடத் துண்டு பட்டுத் தாக்க வந்தவர்களில் ஒருவர். 22 அன்று தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் சபைக்குள்ளேயே சம்னரைத் தடியால் அடித்துச் சாய்த்தார். 24 இரவு ஜான் பிரவுனும், அவருடைய நான்கு மகன்களும், மருமகனும், வேறு இருவரும் பாட்டவாட்டமி ஓடைக்கரைக்குப் போனார்கள்.

அங்கே ஐந்து பேரை வீட்டிலிருந்து வெளியே இழுத்து, பெரும்பாலும் வாளால் வெட்டிக் கொன்றார்கள்: ஜேம்ஸ் டாயில், அவர் மகன்கள் வில்லியம், டிரூரி, பிறகு ஆலன் வில்கின்சன், வில்லியம் ஷெர்மன். ஐவரில் ஒருவரிடம்கூட அடிமை இல்லை. டாயிலின் மனைவி மஹாலா கெஞ்சியதால் பதினாறு வயது மகன் ஜானை விட்டுவிட்டார்கள். வில்கின்சன் அந்தக் கள்ள ஓட்டுச் சட்டமன்றத்தின் உறுப்பினர். லாரன்ஸ் எரிந்ததற்குப் பதிலடி என்று இதைச் சொல்லலாம், அடிமை முறை என்ற கொடுமையோடு வைத்து எடை போடலாம். ஆனால் ஐந்து பெயர்களையும் மஹாலாவையும் சொல்லாமல் அந்த விவாதத்தைத் தொடங்குவது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து.

அதற்கடுத்த மூன்று மாதம்தான் உண்மையான போர்: ஜூன் 2 பிளாக் ஜாக் சண்டை, ஆகஸ்ட் 30 ஒசாவாட்டமி சண்டை. அடிமை முறை ஆதரவாளர்கள் மிசௌரி ஆற்றில் நீராவிப் படகுகளை நிறுத்தி வடக்கத்தியக் குடியேறிகளின் ஆயுதங்களைப் பிடுங்கித் திருப்பி அனுப்பியதால், அந்தக் குடியேறிகள் அயோவா, நெப்ராஸ்கா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். செப்டம்பரில் புதிய ஆளுநர் ஜான் கியரி வந்தார். லாரன்ஸை நோக்கி வந்துகொண்டிருந்த சுமார் 2,700 பேரை, கூட்டாட்சிப் படையைக் குறுக்கே நிறுத்தி, பேசித் திருப்பி அனுப்பினார். இரு பக்கத்தையும் சாராத படை இருந்தது, அதை உண்மையிலேயே பயன்படுத்த ஆளுநர் தயாராக இருந்தார். இதே படை ஜூலை 4 அன்று டொபீக்கா சட்டமன்றத்தைக் கலைக்கத்தான் போயிருந்தது. படை மாறவில்லை, உத்தரவு மாறியது.

எங்களைப் பொறுத்தவரை கன்சாஸின் முக்கியமான வருடம் 1857. ஆனால் அதில் சண்டை குறைவு என்பதால் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஜூன் 15 அன்று மாநில அரசியலமைப்பு எழுதும் பேரவைக்குத் தேர்தல். வாக்காளர் பதிவில் பல மாவட்டங்களை விட்டேவிட்டார்கள். அடிமை முறை எதிர்ப்பாளர்கள் புறக்கணித்தார்கள். பதிவானவர்கள் 9,000-க்கு மேல், வாக்களித்தவர்கள் சுமார் 2,200. இப்படி உருவான பேரவை லெகாம்ப்டனில் கூடி அடிமை முறை அரசியலமைப்பை எழுதியது. புறக்கணிப்பால் மனசாட்சி சுத்தமாக இருந்தது, பேனா எதிராளியின் கைக்குப் போனது.

அக்டோபர் சட்டமன்றத் தேர்தலில் எதிர்ப்பாளர்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். வாக்களிக்கப் போனார்கள். முடிவு வந்தபோது, மிசௌரி எல்லையில் சில வீடுகளே இருந்த ஆக்ஸ்ஃபோர்டு என்ற சாவடியிலிருந்து 1,600-க்கு மேற்பட்ட வாக்குகள் வந்திருந்தன. பெயர்கள் சின்சினாட்டி நகர முகவரிப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதியவை என்று தெரியவந்தது. மெகீ மாவட்டத்திலிருந்து இன்னும் ஆயிரத்துக்கு மேல். ஆளுநர் ராபர்ட் வாக்கர் மிசிசிப்பியைச் சேர்ந்தவர், தெற்கின் மனிதர். அவரும் செயலர் ஃபிரெடெரிக் ஸ்டான்டனும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்துக் கணக்கையும் தள்ளுபடி செய்தார்கள். சட்டமன்றம் முதல்முறையாக அடிமை முறை எதிர்ப்பாளர்கள் கைக்கு வந்தது. பீரங்கிகள் முடிக்காத காரியத்தை அந்த ஒரு நிராகரிப்பு முடித்தது.

டிசம்பர் 21 அன்று லெகாம்ப்டன் அரசியலமைப்பை மக்கள் முன் வைத்தார்கள். ‘அடிமை முறையோடு’, ‘அடிமை முறை இல்லாமல்’ என்று இரண்டே வாய்ப்பு. இரண்டாவதைத் தேர்ந்தாலும் ஏற்கெனவே இருக்கிற அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள். அரசியலமைப்பையே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. எதிர்ப்பாளர்கள் விலகி நிற்க, 6,226-க்கு 569 என்று முதல் வாய்ப்பு ஜெயித்தது. பிறகு நடந்த விசாரணை அதில் 2,720 வாக்குகளைக் கள்ள வாக்கு என்றது. புதிய சட்டமன்றம் 1858 ஜனவரி 4 அன்று ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்புக் கொடுத்து வாக்கெடுத்தது. எதிராக 10,226, ஆதரவாக இரண்டு வகையும் சேர்த்து 162. ஒரே கேள்விக்கு இரண்டு வாரத்தில் இவ்வளவு முரணான விடை எப்படி என்று குழம்ப வேண்டாம். யார் வாக்களித்தார்கள், தாளில் என்ன வாய்ப்பு இருந்தது என்று பார்த்தாலே போதும்.

அதே ஜனவரியில் விசாரணைக் குழு வாக்குக் கணக்குகளைக் கேட்டபோது, லெகாம்ப்டன் நில அளவை அலுவலகத்தின் தலைமை எழுத்தர் மெக்லீன் அவை தன்னிடம் இல்லை, மேலதிகாரி ஜான் கால்ஹூனுக்கு அனுப்பிவிட்டேன் என்றார். ஒருநாள் ஷெரீஃப் சாமுவேல் வாக்கர் ஆட்களோடு வந்து அலுவலகத்துக்கு வெளியே இருந்த விறகுக் குவியலை விலக்கித் தோண்டினார். உள்ளே மெழுகுவத்திப் பெட்டி ஒன்று, அதற்குள் வாக்குக் கணக்குகள். டெலவேர் கிராசிங் தாளில் 43 உண்மையான வாக்குகளோடு 379 பெயர்களைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். மெக்லீன் ஊரை விட்டு ஓடினார். வாஷிங்டனில் டக்ளஸே லெகாம்ப்டனை எதிர்த்து நின்றார், பிரதிநிதிகள் சபையில் அது தேறவில்லை. 1858 ஆகஸ்ட் 2 அன்று நடந்த கடைசி வாக்கெடுப்பில் 11,300-க்கு 1,788 என்று மக்கள் அதைப் புதைத்தார்கள்.

இதோடு ரத்தம் நின்றுவிடவில்லை. 1858 மே 19-இல் அடிமை முறை ஆதரவாளர் சார்லஸ் ஹாமில்டன் தலைமையில் வந்தவர்கள் மாரே டி சீன் ஆற்றுப் பகுதியில் பதினொரு பேரைப் பிடித்து ஒரு பள்ளத்தில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஐவர் செத்தார்கள், ஐவருக்குக் காயம், ஒருவர் அடிபடாமல் செத்ததுபோல் கிடந்து தப்பினார்.

செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எப்போதும் வரும். அந்தக் காலத்து மதிப்பீடு இருநூறு. பிற்கால ஆய்வு ஒன்று சம்பவம் சம்பவமாகச் சரிபார்த்து, 1854-லிருந்து 1861 வரை 157 வன்முறை மரணங்கள், அதில் அரசியல் காரணம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை 56 என்றது. மிச்சம் நிலத் தகராறு, கொள்ளை, குடிபோதைச் சண்டை. அதே ஆண்டுகளின் கலிஃபோர்னியா தங்க வயல்களோடு ஒப்பிட்டால் இது பெரிய எண்ணிக்கை அல்ல என்று சிலர் சொல்வதுண்டு. நாடு அதிர்ந்தது எண்ணிக்கையால் அல்ல, ஒரு ஜனநாயக நாட்டில் வாக்குப்பெட்டி பிடுங்கப்பட்டு அதற்கு ஜனாதிபதியின் அரசாங்கமே முத்திரை குத்தியதால். இன்னொன்று, தெற்குப் பக்கம் நின்ற கெரில்லாத் தலைவர் குவான்ட்ரில் லாரன்ஸைத் தாக்கி ஏறத்தாழ 150 பேரைக் கொன்றது 1863 ஆகஸ்ட் 21. அது உள்நாட்டுப் போர்க் காலம். அதையும் இந்த எண்ணிக்கையில் கலந்துவிடுகிற கட்டுரைகள் நிறைய உண்டு.

இந்த வாக்குக் கணக்குகளில் பெயரே இல்லாதவர்களைக் கடைசியாகத் தேட வேண்டும். 1855 கணக்கில் கன்சாஸில் 192 அடிமைகள். 1860 கணக்கில் 2. நடுவில் இருந்தவர்களில் சிலர் லாரன்ஸ் வழியாக வடக்கே தப்பினார்கள், சிலரை எஜமானர்கள் மிசௌரிக்கோ தெற்கேயோ கொண்டுபோனார்கள். 1858 டிசம்பரில் பிரவுன் மிசௌரிக்குள் புகுந்து பதினொரு பேரை விடுவித்துக் கடுங்குளிரில் கனடா வரை கொண்டுசேர்த்தார். வழியில் ஒரு குழந்தையும் பிறந்தது. கன்சாஸுக்குக் கடைசியாக எழுதிய வயண்டாட் அரசியலமைப்பு 1859 அக்டோபர் 4 அன்று 10,421-க்கு 5,530 என்று தேறி, 1861 ஜனவரி 29 அன்று கன்சாஸ் 34-ஆவது மாநிலமானது, அடிமை முறை இல்லாமல். ஆனால் அந்த அரசியலமைப்பிலும் வாக்குரிமை வெள்ளையின ஆண்களுக்கு மட்டும்தான். 1862 அக்டோபரில் ஐலண்ட் மவுண்டில் சண்டையிட்ட முதலாம் கன்சாஸ் கறுப்பினப் படைப்பிரிவில் இருந்தவர்களில் பலர் மிசௌரியிலிருந்தும் ஆர்கன்சாவிலிருந்தும் தப்பி வந்தவர்கள். அவர்கள் போர் முடிந்து திரும்பிய பிறகு, 1867-இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று கன்சாஸ் வாக்காளர்களிடம் கேட்டார்கள். பெண்களுக்குக் கொடுக்கலாமா என்றும் அதே நாளில் கேட்டார்கள். இரண்டும் தோற்றன. கறுப்பின ஆண்களின் பெயர் கன்சாஸ் வாக்காளர் பட்டியலில் ஏறுவதற்கு 1870-இல் நாடு முழுவதற்குமான பதினைந்தாவது திருத்தம் வர வேண்டியிருந்தது.